டைம்ஷேர் புள்ளிகளை உரிமையாளரிடமிருந்து வாடகைக்கு எடுத்து டிஸ்னி ரிசார்ட்டில் தங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ரிவியேரா, பாலினீசியன், அனிமல் கிங்டம் லாட்ஜ் போன்ற உயர்தர ரிசார்ட்டுகளின் அறை வாடகையைப் பார்த்துவிட்டுத் திட்டத்தையே கைவிடும் குடும்பங்கள் பல. அதே ரிசார்ட்டுகளில் டிஸ்னி வெக்கேஷன் கிளப் என்ற டைம்ஷேர் திட்டத்துக்கு உரிய அறைகளும் உண்டு. அத்திட்டத்தின் உறுப்பினர் ஒரு ரிசார்ட்டில் பங்கு வாங்கி, ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புள்ளிகளைப் பெறுகிறார். அவற்றைத் தாமே பயன்படுத்த முடியாத ஆண்டில், பராமரிப்புக் கட்டணத்தை ஈடுகட்டுவதற்காக மற்றவருக்கு வாடகைக்கு விடுகிறார். வாடகைக்கு எடுப்பவரின் பெயரில் அவர் தம் புள்ளிகளைக் கொண்டு முன்பதிவு செய்து தருகிறார். நாம் அவருக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று பணம் தருகிறோம்.

இதில் தொடக்கத்திலேயே தெளிவாக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நமக்கும் ரிசார்ட்டுக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அறை நம் பெயரில் இருந்தாலும், அந்த முன்பதிவை மாற்றவும் ரத்து செய்யவும் உரிமை படைத்தவர், நாம் அறையை விட்டு வெளியேறும் நாள்வரை, புள்ளிகளின் உரிமையாளர் ஒருவர்தான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே அந்த வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. புதிதாக முயல்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் படிகள் தெரியாததால் அன்று. வரிசையை மாற்றிச் செய்வதால்தான்.

1. மூன்று விதிகளை முதலில் மனத்தில் நிறுத்துங்கள்

முதல் விதி, ஹோம் ரிசார்ட். உறுப்பினர் எந்த ரிசார்ட்டில் பங்கு வாங்கியிருக்கிறாரோ அங்கே, வந்து சேரும் நாளுக்கு 11 மாதங்களுக்கு முன்பே அவர் முன்பதிவு செய்யலாம். மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதங்களுக்கு முன்புதான் செய்ய முடியும். ஆகவே டிசம்பர் 10 அன்று அனிமல் கிங்டமில் தங்க விரும்பினால், அனிமல் கிங்டம் உரிமையாளருக்கு ஜனவரி 10 அன்றே கதவு திறந்துவிடும். சரட்டோகா ஸ்பிரிங்ஸ் உரிமையாளர் மே 10 வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் விலை குறைந்த அறைகள் பலவும் போய்விடும்.

இரண்டாவது, யூஸ் இயர். ஒவ்வோர் உறுப்பினருக்கும் புள்ளிகள் வந்து சேரும் மாதம் ஒன்று உண்டு. ஜூன் மாதக்காரருடைய 2026ஆம் ஆண்டுப் புள்ளிகள் 2026 ஜூன் 1 முதல் 2027 மே 31 வரை உயிரோடு இருக்கும். முன்பதிவை அதற்கு முன்பே செய்தாலும், தங்கும் நாட்கள் அந்தக் காலத்துக்குள் அடங்க வேண்டும்.

மூன்றாவது, பேங்க் செய்தல். பயன்படுத்தாத புள்ளிகளை அடுத்த யூஸ் இயருக்கு ஒரு முறை தள்ளிவைக்கலாம். அதற்கு யூஸ் இயரின் முதல் 8 மாதங்கள் மட்டுமே அவகாசம். மேற்சொன்ன உறுப்பினருக்கு 2027 ஜனவரி 31 கடைசி நாள். ஒரு முறை தள்ளிவைத்த புள்ளிகளை மறுபடி தள்ளிவைக்க முடியாது. தேதியை மாற்ற நேரும்போதுதான் இந்த விதியின் கனம் புரியும். அதனால் பேரம் பேசும்போதே இதை விசாரித்துக்கொள்வது அவசியம்.

2. உரிமையாளரைத் தேடும் முன் உங்கள் பக்கத்தில் முடிவாக வேண்டியவை

தேதிகள், அறை வகை, தங்குபவர்களின் பெயர்கள் ஆகிய மூன்றும் உறுதியாகும் முன் எந்த உரிமையாளருக்கும் எழுத வேண்டாம். வாடகைக்கு எடுத்த முன்பதிவுக்குப் பணம் திரும்பாது என்பதே வழக்கம். உறுதியில்லாத திட்டத்துக்கு இந்த வழி ஏற்றதும் அன்று.

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து ஒன்றாகப் போக நினைக்கும் குடும்பங்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். விசா கைக்கு வரும் முன்பே அவர்களையும் கணக்கில் சேர்த்து இரண்டு படுக்கையறை வில்லாவுக்குப் பணம் கட்டிவிட்டால், நேர்காணல் தள்ளிப்போகும்போது ஏற்படும் இழப்பை யாரும் ஈடுசெய்ய மாட்டார்கள். விசா வராவிட்டாலும் நாம் போவோம் என்ற நிலை இருந்தால் மட்டும் முன்கூட்டிச் செய்யலாம்.

அறை வகையைத் தேர்ந்தெடுக்கும்போது படுக்கைகளின் எண்ணிக்கையோடு சமையல் வசதியையும் பாருங்கள். ஸ்டூடியோவில் 4 பேர், சில ரிசார்ட்டுகளில் 5 பேர் தங்கலாம். அங்கே மைக்ரோவேவும் சிறிய குளிர்சாதனப் பெட்டியும்தான் இருக்கும், அடுப்பு இருக்காது. ஒரு படுக்கையறை வில்லாவிலிருந்துதான் அடுப்பு, பெரிய குளிர்சாதனப் பெட்டி, பாத்திரங்கள், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் கிடைக்கும். இரண்டு வேளை சோறு வைத்துச் சாப்பிட வேண்டிய பெரியவர்கள் உடன் வந்தால் இந்த வேறுபாடு மிகப் பெரியது. இரண்டு படுக்கையறை வில்லாவில் 8 அல்லது 9 பேரும், கிராண்ட் வில்லாவில் 12 பேரும் தங்கலாம். தொட்டிலில் உறங்கும் மூன்று வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை இந்த எண்ணிக்கையில் சேராது. ரிவியேராவின் டவர் ஸ்டூடியோவில் 2 பேருக்குத்தான் இடம். புள்ளி குறைவாக இருக்கிறதே என்று குழந்தைகளோடு அதைக் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயர்களை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதித் தாருங்கள். தந்தையின் பெயரே சர்நேமாக இருப்பதும், தலைப்பெழுத்து விரிந்து முதற்பெயராகிவிடுவதும் நம்மவர்களிடையே சாதாரணம். வீட்டில் அழைக்கும் பெயரை உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு, செக்-இன் மேசையில் வேறு பெயருள்ள பாஸ்போர்ட்டை நீட்டினால், நமக்குப் பதிலாகப் பேச உரிமையாளர் அங்கே இருக்க மாட்டார்.

3. புள்ளிக் கணக்கை நீங்களே போடுங்கள்

ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் ஆண்டுவாரியாகப் புள்ளி அட்டவணை உண்டு. பருவம், அறை வகை, சன்னலிலிருந்து தெரியும் காட்சி, வாரநாளா வார இறுதியா என்பவற்றைப் பொறுத்து ஓர் இரவுக்கான புள்ளிகள் மாறும். உரிமையாளர் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்காமல் நீங்களே கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் அவர் ஏமாற்றுவார் என்ற ஐயம் அன்று. கூட்டும்போதுதான் எந்த இரவு செலவை ஏற்றுகிறது என்பது நம் கண்ணில் படும்.

விளக்கத்துக்காக, ஒரு ஸ்டூடியோவுக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை இரவுக்கு 16 புள்ளிகள், வெள்ளியும் சனியும் 20 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு வந்து வெள்ளி காலை புறப்பட்டால் 5 இரவுகளுக்கு 80 புள்ளிகள். புதன் வந்து திங்கள் புறப்பட்டால் அதே 5 இரவுகளுக்கு 88 புள்ளிகள். புள்ளிக்கு 20 டாலர் என்றால், அறையும் இரவுகளும் மாறாமல் இருக்கும்போதே 160 டாலர் கூடிவிடுகிறது.

அடுத்து ஒப்பீடு. அதே அறையின் ரொக்க வாடகை, அதாவது டிஸ்னிக்கே நேரடியாகச் செலுத்தும் வாடகை, இரவுக்கு 480 டாலர் என்று கொண்டால், வால்ட் டிஸ்னி வேர்ல்டு அமைந்துள்ள ஆரஞ்சு கவுன்ட்டியில் விற்பனை வரியும் சுற்றுலா வரியும் சேர்ந்த 12.5 சதவீதத்தைக் கூட்ட 540 டாலர் ஆகும். 5 இரவுகளுக்கு 2,700 டாலர். வாடகைப் புள்ளி வழியில் 80 புள்ளிகளுக்கு 1,600 டாலர். ஃபுளோரிடாவில் ரிசார்ட் அதன்மேல் அறை வரி ஏதும் வசூலிப்பதில்லை. 1,100 டாலர் மிச்சம் என்று இந்த இடத்திலேயே மகிழ்ந்து நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். டிஸ்னியே ஆண்டின் பல பருவங்களில் ரொக்க அறைகளுக்குத் தள்ளுபடி தருகிறது. 25 சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் ரொக்கச் செலவு 2,025 டாலராக இறங்கும். வேறுபாடு 425 டாலர்தான். அறையை மட்டும் ரொக்கத்துக்குப் பதிவு செய்தவர் வந்து சேரும் நாளுக்கு 5 நாட்களுக்கு முன்புவரை முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். நாமோ அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம். 1,100 டாலருக்கு அதை விட்டுக்கொடுப்பது நியாயம். 425 டாலருக்குச் சிறு குழந்தைகளோடு போகும் குடும்பம் விட்டுக்கொடுக்கலாமா என்பது ஆழ்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி. என் கருத்தில், படுக்கையறை வில்லாக்களில்தான் இந்த வழி தன் முழுப் பலனைத் தருகிறது. அவற்றின் ரொக்க வாடகை மிக உயர்வாக இருப்பதால், தள்ளுபடிக்குப் பிறகும் இடைவெளி பெரிதாகவே நிற்கும்.

அட்டவணையைப் படிப்பதில் வரும் பிழைகள் இரண்டு. ஒன்று, முன்பதிவு செய்யும் ஆண்டின் அட்டவணையைப் பார்ப்பது. தங்கும் ஆண்டின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். மற்றொன்று, பயணத்தின் நடுவில் பருவம் மாறுவதைக் கவனிக்காமல் எல்லா இரவுக்கும் ஒரே எண்ணைப் போடுவது.

4. தரகர் வழியா, நேரடியாகவா

டேவிட்ஸ் வெக்கேஷன் கிளப் ரென்டல்ஸ், டிவிசி ரென்டல் ஸ்டோர் போன்ற தரகு நிறுவனங்கள் உரிமையாளரையும் வாடகைதாரரையும் இணைத்து வைக்கின்றன. தேதியையும் அறையையும் சொன்னால் பொருத்தமான உரிமையாளரை அவையே தேடும். நாம் செலுத்தும் தொகையில் ஒரு பகுதியை முன்பதிவானதும், மீதியை நாம் வந்து சேர்ந்த பிறகும் உரிமையாளருக்குத் தருவது இத்தகைய நிறுவனங்களின் வழக்கம். இந்தப் பிரிப்புதான் தரகுக் கட்டணத்துக்கு ஈடாக நமக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு. உரிமையாளரிடம் நேரடியாகப் போனால் புள்ளிக்குச் சில டாலர் குறையும். ஆனால் அடுத்த நான்கு படிகளையும் நாமே செய்ய வேண்டும்.

முதல் முறை செய்பவருக்குத் தரகர் வழியையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரு முறை முழுச் சுற்றையும் பார்த்துவிட்டவருக்கு, நேரடி வழியில் எந்தப் பதில் இயல்பானது, எது சந்தேகத்துக்குரியது என்பது தானே தெரியவரும்.

ஏற்கெனவே முன்பதிவாகிவிட்ட அறைகளை உரிமையாளர்கள் குறைந்த விலைக்கு விடுவதும் உண்டு. அவர்களுடைய பயணம் ரத்தாகி, புள்ளிகள் காலாவதியாகும் நிலையில் இருக்கும். உங்கள் தேதிகள் வளைந்துகொடுக்கும் என்றால் மிகக் குறைந்த விலை இங்கேதான் கிடைக்கும். அறை ஏற்கெனவே கையில் இருப்பதால் ஆறாம் படியும் எளிதாகிவிடும்.

5. உரிமையாளரைச் சரிபார்த்தல்

டிஸ்னி வெக்கேஷன் கிளப் பங்கு என்பது நிலச்சொத்தாகப் பதிவாகும் உரிமை. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் உள்ள இந்த ரிசார்ட்டுகளின் பத்திரங்கள் ஆரஞ்சு கவுன்ட்டி கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் பதிவாகின்றன. அந்த அலுவலகத்தின் பொதுப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பெயரை இட்டுத் தேடலாம். நம்மோடு பேசுபவரின் பெயரும் அவர் சொல்லும் ரிசார்ட்டும் அங்கே ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு வீடியோ அழைப்பில் ஒரு முறை முகம் பார்த்துப் பேசி, அவர் உறுப்பினர் கணக்கில் நுழைந்து புள்ளிகள் உள்ள பக்கத்தைத் திரையில் காட்டும்படி கேளுங்கள். படமாக அனுப்பப்படும் திரைப்பிடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். அதைத் திருத்துவது எளிது. உண்மையான உரிமையாளர் இதற்குத் தயங்க மாட்டார். அவரும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தம் புள்ளிகளைத் தருகிறார் அல்லவா?

அந்த அழைப்பிலேயே கேட்க வேண்டியவை: ஹோம் ரிசார்ட் எது, யூஸ் இயர் மாதம் எது, இந்தப் புள்ளிகள் இந்த ஆண்டுக்குரியவையா, முன்பு பேங்க் செய்தவையா, எந்த நாளில் காலாவதியாகும், ஆண்டுக் கட்டணம் பாக்கி இல்லாமல் செலுத்தப்பட்டுள்ளதா. கட்டணம் பாக்கி வைத்த உறுப்பினரின் முன்பதிவு உரிமையை நிறுத்திவைக்க முடியும் என்பதால், கடைசிக் கேள்வி சம்பிரதாயத்துக்குக் கேட்பது அன்று.

டிஸ்னியிடமிருந்து அன்றி, வேறோர் உறுப்பினரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கிய பங்கா என்றும் கேளுங்கள். 2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய 14 ரிசார்ட்டுகளில் ஒன்றின் பங்கை அப்படி வாங்கியவர், அந்தப் புள்ளிகளைக் கொண்டு ரிவியேராவிலோ அதற்குப் பின் வந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்களிலோ ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்களிலோ பதிவு செய்ய இயலாது. ரிவியேராவின் பங்கை மறுவிற்பனையில் வாங்கியவர் ரிவியேராவில் மட்டுமே பதிவு செய்யலாம். புள்ளிகள் போதிய அளவு இருந்தும் அறை கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. இடம் இருப்பதைப் பார்த்த பிறகே ஒப்பந்தம்

புள்ளிகள் இருந்தால் அறை இருக்கும் என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. அனிமல் கிங்டமின் வேல்யூ வகை ஸ்டூடியோ, போர்ட்வாக்கின் ஸ்டாண்டர்ட் காட்சி அறை, பீச் கிளப் ஸ்டூடியோ போன்றவை 11 மாதக் கதவு திறந்ததுமே வேகமாகத் தீர்ந்துவிடும். டிசம்பர் முதல் வாரங்கள் உறுப்பினர்களிடையே மிகவும் விரும்பப்படும் காலம். இத்தகைய அறை வேண்டுமானால், அந்த ரிசார்ட்டையே ஹோம் ரிசார்ட்டாகக் கொண்ட உரிமையாளரைத் தேடி, 11 மாதம் முன்பு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 8 மணிக்கு அவர் பதிவு செய்வதற்கு ஆயத்தமாக இருக்கச் செய்ய வேண்டும். வந்து சேரும் நாளிலிருந்து 7 இரவுகள்வரை அன்று ஒரே தடவையில் பதிவு செய்யலாம்.

கதவு ஏற்கெனவே திறந்துவிட்ட தேதிகள் என்றால், வீடியோ அழைப்பில் இருக்கும்போதே அந்த அறை வகை எல்லா இரவுகளுக்கும் கிடைக்கிறதா என்று உரிமையாளரைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். ஓர் இரவு மட்டும் இல்லாமல் போவது உண்டு. காத்திருப்புப் பட்டியலில் போட்டுவைக்கிறேன் என்று அவர் சொன்னால் அது நல்லெண்ணமாகவே இருக்கலாம். ஆனால் அதற்காக முன்பணம் தருவதை நான் ஏற்கமாட்டேன்.

7. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

நீண்ட சட்ட வாசகங்கள் தேவையில்லை. இரு தரப்பின் முழுப்பெயரும் முகவரியும், ரிசார்ட், அறை வகை, காட்சி வகை, தேதிகள், தங்குபவர்கள், புள்ளிகள், புள்ளிக்கு விலை, தவணைத் தேதிகள் ஆகியவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அவற்றைவிட முக்கியமானவை பின்வரும் நான்கு நிபந்தனைகள். வாடகைதாரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி உரிமையாளர் முன்பதிவை மாற்றவோ ரத்து செய்யவோ கூடாது. உரிமையாளரின் செயலாலோ கட்டணப் பாக்கியாலோ முன்பதிவு போனால் முழுப் பணமும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும். புயலாலோ அரசு ஆணையாலோ ரிசார்ட் மூடப்பட்டால் என்ன செய்வது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம் என்பதால் இது வெறும் கற்பனை நிலை அன்று. அறையில் ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதும் வேண்டும். அது நம்மைச் சேர்ந்ததாகவே இருக்கும், நியாயமும் அதுதான்.

உறுப்பினர்கள் தம் புள்ளிகளை எப்போதாவது வாடகைக்கு விடுவதற்கு இடமுண்டு. அதையே வணிகமாக நடத்துவதை உறுப்பினர் ஒப்பந்தம் தடைசெய்கிறது. ஆகவே ஏராளமான அறைகளை முன்கூட்டியே பிடித்துவைத்துத் தொடர்ந்து விற்பவரைவிட, ஆண்டுக்கு ஒரு முறை தம் மிச்சப் புள்ளிகளைத் தரும் சாதாரண உறுப்பினரே நமக்குப் பாதுகாப்பானவர்.

8. பணம் செலுத்தும் முறையும் 180 நாள் கணக்கும்

வயர் (வங்கிவழிப் பணமாற்று), ஸெல் (அமெரிக்க வங்கிகளின் உடனடிப் பணமாற்றுச் சேவை), பரிசு அட்டை, பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறை ஆகிய எதிலும் பணம் அனுப்ப வேண்டாம். போனால் போனதுதான். பேபாலில் பொருள், சேவைக்கான முறையில், அதுவும் கிரெடிட் கார்டை ஆதாரமாக வைத்து அனுப்புங்கள். உரிமையாளருக்குப் பிடித்தம் ஆகும் கட்டணத்தை நாமே ஏற்பதாகச் சொன்னால் அவர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். அந்தச் சில பத்து டாலர்கள் வீண்செலவு அல்ல.

இதில் பலருக்குப் புலப்படாத ஓட்டை ஒன்று இருக்கிறது. பேபாலில் தகராறு எழுப்பப் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள்தான் அவகாசம். டிசம்பர் 10 பயணத்துக்கு ஜனவரி 10 அன்றே முழுத்தொகையும் செலுத்திவிட்டால், அந்த அவகாசம் ஜூலை 9 உடன் முடிந்துவிடும். அதன்பின் ஐந்து மாதங்களுக்கு நம் முன்பதிவு உரிமையாளரின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்கும். ஆகவே தொகையைப் பிரியுங்கள். கன்ஃபர்மேஷன் கைக்கு வந்ததும் ஒரு பகுதி, வந்து சேரும் நாளுக்கு 45 நாட்கள் முன்பு மீதி என்பது இரு தரப்புக்கும் பொருந்தும் ஏற்பாடு. பிற்பகுதி பெரிதாக இருந்தால் நமக்கு நல்லது. ஆனால் மிகவும் பிந்தித் தருகிறோம் என்று கேட்பது உரிமையாளருக்கு அநியாயம். பயணத்துக்கு 30 நாட்களுக்குள் ரத்தானால் அவருடைய புள்ளிகள் ஹோல்டிங் என்ற நிலைக்குப் போய்விடும். அவற்றைக் கொண்டு, பதிவு செய்யும் நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொடங்கும் தங்கல்களை மட்டுமே அவர் பதிவு செய்ய முடியும். அவருக்கும் அச்சம் உண்டு என்பதைப் புரிந்துகொண்டு பேசினால் தவணை பற்றிய பேச்சு எளிதில் முடியும்.

9. கன்ஃபர்மேஷன் வந்த அன்றே செய்ய வேண்டியது

உரிமையாளர் அனுப்பும் கன்ஃபர்மேஷன் எண்ணை உடனே டிஸ்னியின் பயணத் திட்டச் செயலியான மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸில் உள்ள உங்கள் கணக்கில் இணையுங்கள். அது இணைந்து உங்கள் பெயரில் தோன்றும் வரை முதல் தவணையை அனுப்பாதீர்கள். எண் உண்மையானது என்பதற்கும், தேதியும் அறை வகையும் சரி என்பதற்கும் இதுவே நேரடிச் சான்று. பெயர்களின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பிழை இருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். திருத்த வேண்டியவர் உரிமையாளர், நாம் உறுப்பினர் சேவையை அழைத்தால் அவர்கள் நம்மோடு பேச மாட்டார்கள்.

இணைத்த பிறகும் மறந்துவிடக் கூடாது. மாதம் ஒரு முறையும், 180 நாள் அவகாசம் முடிவதற்குச் சற்று முன்பும், கடைசித் தவணைக்கு முன்பும் கணக்கைத் திறந்து முன்பதிவு அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

10. காப்பீடு, அதன்பின் விமான டிக்கெட்

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று முதலில் அதை வாங்கிவிட்டு, அந்தத் தேதிகளுக்கு அறை தேடுபவர்கள் பேரம் பேசும் வலிமையையும் தேதியை நகர்த்தும் வாய்ப்பையும் ஒருசேர இழக்கிறார்கள். அறை உங்கள் கணக்கில் இணைந்த பிறகே டிக்கெட் வாங்குங்கள்.

பயணக் காப்பீட்டை முதல் தவணையோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யும் உரிமை தரும் பாலிசிகளை, பயணத்துக்கான முதல் பணம் செலுத்திய நாளிலிருந்து இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குள் வாங்க வேண்டும் என்பது பரவலான நிபந்தனை; அவை செலவில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தரும். காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்பந்தமும் பணம் செலுத்திய ரசீதும் கேட்கப்படும் என்பதால், வாய்மொழியாக ஒத்துக்கொண்ட வாடகைக்குக் காப்பீடு எடுத்தும் பயனில்லை.

11. தங்கும் நாட்களுக்கான ஏற்பாடு

பூங்கா நுழைவுச் சீட்டுகள் இந்த வாடகையில் அடங்கா. அவற்றைத் தனியே வாங்க வேண்டும். ரிசார்ட் விருந்தினருக்குரிய சலுகைகள் புள்ளி வழியில் தங்குபவருக்கும் உண்டு: 30 நிமிடம் முன்னதாகப் பூங்காவில் நுழையலாம், தங்கும் நாட்கள் அனைத்துக்குமான (10 நாட்கள்வரை) உணவக முன்பதிவை வந்து சேரும் நாளுக்கு 60 நாட்கள் முன்பும், லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் என்ற, நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் கட்டணச் சீட்டை 7 நாட்கள் முன்பும் பதிவு செய்யலாம். உறுப்பினருக்கு மட்டுமே உரிய தள்ளுபடிகளும் நிகழ்ச்சிகளும் நமக்குக் கிடைக்கா. அவற்றையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் உரிமையாளர் தம்மால் முடியாததைச் சொல்கிறார். உணவுத் திட்டம் வேண்டுமானால் அதை உரிமையாளர்தான் சேர்க்க வேண்டும். கடைசி வாரம்வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே கேளுங்கள்.

ஹோட்டலைப் போல நாள்தோறும் அறை சுத்தம் செய்யப்படாது. 7 இரவுகள் அல்லது அதற்குக் குறைவாகத் தங்கினால் நான்காம் நாள் குப்பை எடுத்துத் துண்டுகளை மாற்றித் தருவார்கள், அவ்வளவுதான். கூடுதலாக வேண்டுமானால் கட்டணம் உண்டு. செக்-இன் மாலை 4 மணி, புறப்படுவது காலை 11 மணி. குக்கர் அறையில் இருக்காது. சோற்றுக்கும் பருப்புக்கும் அதைப் பழகியவர்கள் சிறிய குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

ஹவாயின் ஔலானியிலும் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்களிலும் புள்ளி வழியில் தங்கினாலும் தங்கும் வரி உண்டு. ஃபுளோரிடாக் கணக்கையே அங்கும் போட்டவர்கள் புறப்படும் நாளில் கூடுதல் தொகையைக் காண நேரும். அதை யார் செலுத்துவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

12. திட்டம் மாறினால்

வர இயலாத நிலை வந்தால் உரிமையாளருக்கு அன்றே எழுதுங்கள். வந்து சேரும் நாளுக்கு 31 நாட்கள் அல்லது அதற்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் புள்ளிகள் அவருக்கு முழுமையாகத் திரும்பும். அவற்றை அவர் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டு, நமக்கு ஒரு பகுதியைத் திருப்பித் தர மனம் வைக்கக்கூடும். 30 நாட்களுக்குள் வந்துவிட்டால் அவர் கையும் கட்டப்பட்டுவிடும். அப்போது செய்யக்கூடியது, நமக்குப் பதிலாகப் போகக்கூடிய உறவினரையோ நண்பரையோ தேடி, முன்பதிவில் பெயரை மாற்றித் தரும்படி உரிமையாளரைக் கேட்பது. ஒப்பந்தம் எழுதும்போதே பெயர் மாற்றத்துக்கு அவர் இசைவதாக ஒரு வரி சேர்த்துவைத்தால் இது சிக்கலின்றி நடக்கும். தேதியை மாற்றுவது இதைவிடக் கடினம். புதிய தேதிகளில் இடமும் வேண்டும், அந்தத் தேதிகள் புள்ளிகளின் காலாவதிக்கு முன்பும் முடிய வேண்டும்.

முன்பதிவு திடீரென்று உங்கள் கணக்கிலிருந்து மறைந்துவிட்டால், அல்லது தேதி மாறித் தெரிந்தால், முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு ஒரு நாள் அவகாசம் தாருங்கள். இணைப்புக் கோளாறாகவும் இருக்கலாம், மீண்டும் இணைத்தால் சரியாகிவிடும். தரகர் வழியில் வந்தவர் அதே நேரத்தில் தரகரிடமும் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் பணம் செலுத்திய வழியில் உடனே தகராறு எழுப்பி, ஒப்பந்தத்தையும் ரசீதையும் கன்ஃபர்மேஷன் வந்த நாளின் திரைப்பிடிப்பையும் இணையுங்கள். அதன் முடிவு தெரிய வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருக்காமல், அதே தேதிகளுக்கு ரத்து செய்யக்கூடிய ரொக்க அறை ஒன்றைப் பிடித்து வையுங்கள். வாடகை முன்பதிவு மீண்டும் தோன்றினால் அந்த அறையை 5 நாட்களுக்கு முன்புவரை இழப்பின்றி விட்டுவிடலாம்.